மூன்றாம் செக்கு

வல்லத்தில் எங்கள் வீட்டின் பின்புறமுள்ள கொட்டகையில் சென்ற மாதம் வரை மூன்று மரச்செக்குகள் நின்றன. இரண்டு ஓடும், மூன்றாவது ஓடாது. அது பழுதுற்றதன்று. அதற்கு வேலை இல்லை, அவ்வளவே. எண்ணெய் வாங்க வருவோர் அதைக் கண்டு, "இது ஏன் சும்மா நிற்கிறது?" என்று என் மகனை வினவுவர். அவன் ஒரு கணம் என் முகத்தைப் பார்ப்பான். பிறகு, "இப்போதைக்குத் தேவைப்படவில்லை" என்று மட்டும் கூறிப் புட்டியை நிரப்பத் தொடங்குவான். அவன் என் பொருட்டுச் சொல்லாமல் விட்ட மறுமொழியை நானே இங்கு எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு அலுவலகம் ஒன்றில் பிறருடைய கணக்குகளைத் தணிக்கை செய்து பிழைத்தவன் நான். ஒரு ரூபாய் கூடினும் குறையினும் சிவப்பு மையால் வட்டமிட்டவன். அத்தகையவன் தன் சொந்தப் பணத்தை ஒரு தொழிலில் போடும் வேளை வந்தபோது, கணக்கேட்டை மூடி வைத்துவிட்டு மனம் சொன்னதைக் கேட்டான். மனம் பேசுவது குற்றமன்று. ஆனால் ஆசையும் அச்சமும் பொறாமையும் வெட்கமும் தம் சொந்தப் பெயரோடு நம்மிடம் வருவதில்லை. கணக்கு என்னும் சட்டையை அணிந்துகொண்டே வருகின்றன. அங்குதான் ஆபத்து தொடங்குகிறது.

ஓய்வுபெற்றபோது கிடைத்த தொகையையோ, வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்ததையோ, நகையை அடகு வைத்துப் பெற்ற கடனையோ கொண்டு சிறு தொழில் தொடங்க எண்ணும் குடும்பங்கள் நம்மிடையே இன்று பல. அவர்களுள் ஒருவருக்கேனும் என் அனுபவம் பயன்படுமாயின், இதை எழுதுவதில் எனக்குள்ள வெட்கம் வீண்போகாது.

மல்லாட்டை மண்

வல்லம், திண்டிவனத்துக்கும் செஞ்சிக்கும் இடைப்பட்ட ஊர். நெல்லும் கரும்பும் உளுந்தும் இப்பக்கத்தில் விளையினும், எங்கள் மனத்துக்கு நெருங்கிய பயிர் நிலக்கடலையே. நாங்கள் அதை 'மல்லாட்டை' என்போம். மணிலாக் கொட்டை என்னும் பெயர் எங்கள் நாவில் அவ்வாறு தேய்ந்துவிட்டது. திண்டிவனத்தில் உள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட கடலை இரகங்களுக்கு டி.எம்.வி. என்னும் எழுத்துக்கள் முன்னால் நிற்கும். அவை திண்டிவனம் என்னும் பெயரின் சுருக்கமே. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று என் தந்தையார் தம் பிள்ளைகளின் பெயரைச் சொல்வதுபோல் சொல்லுவார்.

என் சிறு வயதில் ஊரில் மாடு சுற்றும் செக்கு ஒன்று இருந்தது. அதன் அருகே நின்றால், ஆட்டிய கடலையின் மணம் உடுப்பிலேயே தங்கிவிடும். பின்னர் நகரங்களில் எண்ணெய் ஆலைகள் பெருகின; பொட்டலத்தில் அடைத்த எண்ணெய் கடைக்கு வந்தது; செக்கு மறைந்தது. அதன் கல்லை யாரோ வீட்டு வாயிலில் போட்டு உட்காரும் திண்ணையாக்கிக்கொண்டனர்.

2020 மார்ச்சில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த என் மகன், மூன்று மாதங்களில் வேலையிழந்து மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஊர் திரும்பினான். பகலில் வெளியே வரமாட்டான். "எப்போது சென்னைக்குப் போகிறாய்?" என்று எவரேனும் கேட்டுவிடுவரோ என்னும் அச்சம் அவனுக்கு. ஒரு நாள் மாலை, "அப்பா, மோட்டாரில் ஓடும் மரச்செக்கு ஒன்று போடலாமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டான்.

முதற் செக்கு

அந்த முதல் முடிவை நாங்கள் நன்றாகவே எடுத்தோம் என்று இன்றும் கூறுவேன். மகன் வேறோர் ஊரிலுள்ள உறவினர் செக்கில் மூன்று வாரம் கூலியின்றி வேலை செய்து தொழில் பழகினான். பிறகு நானும் அவனும் அமர்ந்து கணக்கிட்டோம். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறத்தாழ 2.5 கிலோ பருப்பு வேண்டும். அன்று பருப்பு கிலோ 95 ரூபாய். ஆக 237 ரூபாய் 50 காசு. ஏறத்தாழ 1.5 கிலோ பிண்ணாக்கு மிஞ்சும்; மாட்டுத் தீவனத்துக்கு அதை விற்றால் 51 ரூபாய் திரும்பும். மின்சாரம், கூலி, புட்டி ஆகியவற்றுக்கு 30 ரூபாய். எல்லாம் சேர்ந்து லிட்டருக்கு அடக்க விலை சற்றேறக்குறைய 217 ரூபாய். 250 ரூபாய்க்கு விற்றால் 33 ரூபாய் நிற்கும். நாளொன்றுக்கு 12 லிட்டர் விற்றால் 400 ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகக் கிடைக்கும். பெருஞ்செல்வம் அன்று; ஆயினும் சொந்த வீட்டில் குடியிருந்து, சொந்தக் கையால் உழைப்பவனுக்கு அது ஒரு பிடிமானம்.

சிறு உணவுத் தொழில்களுக்கு 2020-இல் மைய அரசு அறிவித்த திட்டத்தைப் பற்றியும் விசாரித்தோம். வங்கிக் கடனோடு இணைந்து, திட்டச் செலவில் நூற்றுக்கு 35 பங்கு, 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல் மானியம் தருவது அது. பலர் அதைக் கையில் கிடைக்கும் இலவசப் பணம் என்று எண்ணி மகிழ்கின்றனர். மானியத் தொகை வங்கியிலேயே வைக்கப்பட்டு, தொழிலும் கடனும் மூன்று ஆண்டுகள் ஒழுங்காக நடந்தால்தான் கடனில் கழிக்கப்படும். 'சும்மா வருகிறது' என்னும் சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் குதூகலமும் ஓர் உணர்ச்சியே. அதற்காக மட்டும் பெரிய திட்டம் போடலாகாது என்று முடிவு செய்து, கடனின்றி ஒரே செக்கோடு 2021 சனவரியில் தொடங்கினோம்.

அம்முடிவில் உணர்ச்சி இல்லையா? நிறைய இருந்தது. மகன் தலை நிமிர வேண்டும் என்னும் தவிப்பு இருந்தது. சிறு வயதுச் செக்கின் மணம் இருந்தது. அவை இல்லாவிடின் நான் பையைத் திறந்திருக்கவே மாட்டேன். அன்டோனியோ டமாசியோ என்னும் நரம்பியல் மருத்துவர் 1994-இல் வெளியிட்ட நூலில் ஒரு நோயாளியைப் பற்றி எழுதுகிறார். மூளையின் முன்பகுதியில் கட்டி அகற்றப்பட்ட அம்மனிதருக்கு அறிவும் நினைவும் குறையவில்லை. உணர்ச்சி மட்டும் மங்கிப்போயிற்று. விளைவு என்ன? எதிலும் ஒரு முடிவுக்கு வர அவரால் இயலாமற்போயிற்று. வேலையும் சேமிப்பும் இழந்தார். உணர்ச்சியே இல்லாதவன் சிறந்த வணிகன் ஆவான் என்பது பொய். உணர்ச்சி, எங்கு நோக்க வேண்டும் என்று காட்டும். எவ்வளவு போட வேண்டும் என்பதைக் கணக்குதான் காட்ட வேண்டும். முதற் செக்கில் இரண்டும் தத்தம் வேலையைச் செய்தன. எள் ஆட்டுவதற்கென அவ்வாண்டின் இறுதியில் வாங்கிய இரண்டாம் செக்கிலும் அப்படியே.

காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்

2022 பிப்ரவரியில் உக்ரேன் மீது ரஷியா போர் தொடுத்தது. எங்கோ நடக்கும் போருக்கும் எங்கள் வீட்டு அடுப்புக்கும் என்ன தொடர்பு என்று அன்று கேட்டவர் உண்டு. நம் நாடு தனக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்தே வாங்குகிறது. சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பகுதி அப்போது உக்ரேனிலிருந்து வந்தது. அது தடைப்பட்டது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதிக்கும் தடை விதித்தது. கடையில் பொட்டல எண்ணெயின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. "இன்னும் சிறிது சேர்த்தால் செக்கு எண்ணெயே வாங்கிவிடலாமே" என்று மக்கள் எண்ணத் தொடங்கினர். நாளுக்கு 12 லிட்டராக இருந்த எங்கள் கடலை எண்ணெய் விற்பனை 25 லிட்டராயிற்று. காலையில் கொட்டகை வாயிலில் வரிசை நிற்கும். அவ்வரிசையைக் காண்பதற்காகவே நான் நாற்காலியை வெளியே போட்டு அமர்வேன். மகனைப் பற்றி ஊரார் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவ்வரிசையே விடை என்று எனக்குத் தோன்றியது.

அந்த மே மாதம் செஞ்சியில் ஒரு திருமண விருந்தில், தம்பி முறையுள்ள உறவினர் ஒருவர் என் அருகே அமர்ந்து, "அண்ணே, காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ள வேண்டும். இன்னும் இரண்டு மாதத்தில் தெருவுக்கு ஒரு செக்கு வந்துவிடும். நீங்கள் முந்திக்கொள்ளுங்கள்" என்றார். பந்தியில் எதிரே அமர்ந்தவர் தம் மைத்துனர் ஐந்து செக்கு வைத்திருப்பதாகக் கூறினார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஐந்து செக்கு என்னும் சொல் காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் மகனிடம் மூன்றாம் செக்கு வாங்கலாம் என்றேன். அவன் கையை விரித்து, "அப்பா, ஒரு தடவைக்கு 15 கிலோ பருப்புப் போடுகிறோம், 6 லிட்டர் கிடைக்கிறது. நாளுக்கு ஆறு தடவை ஆட்டினால் 36 லிட்டர். நமக்கு விற்பது 25. இருக்கும் செக்கே முழு நேரம் ஓடவில்லையே? தீபாவளி வரை பார்ப்போம்" என்றான். தணிக்கை எழுத்தரின் மகன் சரியாகவே கணக்கிட்டான். தணிக்கை எழுத்தரோ, "நாளைக்கு நூறு லிட்டர் விற்கும்போது என்ன செய்வாய்?" என்று உரத்துக் கேட்டார். நூறு என்னும் எண் எங்கிருந்து வந்தது? அன்று கேட்டிருந்தால் காரணம் கூறியிருப்பேன். உண்மையில் அது அத்திருமணப் பந்தியிலிருந்து வந்தது.

என் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. "கோபுரம் கட்டப் போகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பான் என்று பூசையில் கேட்டீர்களே, அது யாருக்குச் சொன்னது?" என்றாள். "கணக்குப் பார்த்துவிட்டேன்" என்றேன். அதுதான் நான் சொன்ன முதற் பொய்.

எங்கள் இருவரின் மருத்துவச் செலவுக்கென வைத்திருந்த 9 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே எடுத்தேன். செக்குக்கு 1,90,000 ரூபாய். விலை இன்னும் ஏறும் என்று நம்பி, 80 கிலோ கொண்ட கடலைப் பருப்பு மூட்டைகள் 80 வாங்கினேன். கிலோ 110 வீதம் 7,04,000 ரூபாய். "இவ்வளவு நாள் வைப்பதானால் தோலோடு காயாக வையுங்கள், உடைத்த பருப்பு தாங்காது" என்றான் மகன். காய்க்கு இடம் மிகுதியாக வேண்டும் என்று தட்டிக்கழித்தேன். முன்பணம் கொடுத்தது மே நடுவில். மே 23 அன்று இந்தோனேசியா தன் தடையை நீக்கிவிட்டது. உலகச் சந்தையில் எண்ணெய் விலை இறங்கத் தொடங்கியது. சில வாரப் புயலை நான் பருவ மழை என்று எண்ணி ஏர் பூட்டிவிட்டேன்.

என்னைவிட அறிவிற் சிறந்தோரும் இவ்வாறு தவறியுள்ளனர் என்பது ஆறுதலுக்காக அன்று, எச்சரிக்கைக்காகச் சொல்லத்தக்கது. ஐசக் நியூட்டன் 1720-இல் தென்கடல் கம்பெனியின் பங்குகளை முதலில் நல்ல இலாபத்துக்கு விற்றுவிட்டார். பிறர் மேலும் மேலும் செல்வராவதைக் கண்டு, ஏறிய விலையில் மீண்டும் வாங்கிப் பெருநட்டம் அடைந்தார். நம் மாநிலத்திலேயே பெருந்துறைப் பகுதியில் எழுந்து பரவிய ஈமுக்கோழித் திட்டங்களை நினைத்துப் பாருங்கள். பணம் கட்டினால் குஞ்சும் தீவனமும் தந்து, மாதந்தோறும் வளர்ப்புக் கூலியும் தருவோம் என்றனர். திரைக் கலைஞர்கள் விளம்பரத்தில் தோன்றினர். அப்பறவையின் இறைச்சியையும் எண்ணெயையும் நாள்தோறும் வாங்குவோர் இங்கு எத்தனை பேர் என்று கேட்டவர் சிலரே. 'அடுத்த வீட்டுக்காரருக்கு மாதம் தவறாமல் பணம் வருகிறது' என்பதே பலருக்குப் போதிய கணக்காக இருந்தது. 2012-இல் அத்திட்டங்கள் சரிந்தன, பணமும் போயிற்று, பறவைகளுக்குத் தீனி போடவும் அரசு முன்வர வேண்டியதாயிற்று. என் செக்கில் மோசடி எதுவும் இல்லை. ஆனால் அடுத்தவர் செழிப்பைக் கண்டு எழும் எரிச்சல், மோசக்காரன் கூப்பிடினும் எழும். கூப்பிடாவிடினும் தானே எழும்.

வாங்கிய விலை

கோடை கழிந்தது. பொட்டல எண்ணெயின் விலை இறங்க இறங்க, வாயில் வரிசையும் குறைந்தது. 25 லிட்டர் 15 ஆயிற்று. பிறகு 10-இல் நின்றது. செப்டம்பர் தொடக்கத்தில் 55 மூட்டைகள் மிஞ்சியிருந்தன. செஞ்சியிலிருந்து வியாபாரி ஒருவர் வந்து பார்த்து, கிலோ 98 ரூபாய்க்கு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகக் கூறினார். மகன் கொடுத்துவிடலாம் என்றான். 55 மூட்டைக்கு 52,800 ரூபாய் நட்டம் என்று என் மனம் உடனே கணக்கிட்டது. "வாங்கிய விலைக்குக் கீழே ஒரு காசு குறையக் கொடேன்" என்று அவரை அனுப்பிவிட்டேன்.

வாங்கிய விலை சந்தைக்குத் தெரியாது, கடலைக்கும் தெரியாது. எனக்கு மட்டுமே தெரியும். என்றாலும் அவ்விலையைப் பிடித்துக்கொண்டு நான் மூன்று மாதம் தொங்கினேன். டேனியல் கானெமன், அமோஸ் ட்வெர்ஸ்கி என்னும் இஸ்ரேல் நாட்டு உளவியல் அறிஞர் இருவர் 1979-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் மனித மனத்தின் இக்கோணலை விளக்கினர். நூறு ரூபாய் கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியைக் காட்டிலும், நூறு ரூபாய் இழப்பதால் வரும் வேதனை பெரிது. அவர்கள் பின்னர் அளந்து கண்டபடி அது ஏறத்தாழ இரு மடங்கு. அதனால் இலாபம் கையிலிருக்கும்போது அஞ்சி ஒடுங்குகிறவன்கூட, நட்டம் எதிரே நிற்கும்போது துணிந்து சூதாடுகிறான். சிறு நட்டத்தை ஒப்புக்கொள்வதைவிடப் பெரு நட்டத்தை எதிர்நோக்குவது அவனுக்கு எளிதாகிறது. கானெமனுக்கு 2002-இல் பொருளியல் நோபெல் பரிசு கிடைத்தது. ட்வெர்ஸ்கி அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அக்கட்டுரையின் சாரம் எனக்குத் தெரிய வந்தது பிற்பாடு. தெரிந்தபோது, என் வீட்டுக் கொட்டகைக்குள் வந்து பார்த்துவிட்டு எழுதியதுபோல் இருந்தது.

டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தது. எங்கள் பக்கத்திலும் காற்றும் மழையும் வலுத்தன. கொட்டகையின் ஓரத்தில் தகரம் ஒன்று பெயர்ந்தது. 31 மூட்டைகளில் 22 நனைந்தன. வெயில் இல்லாத நாட்களாதலால் உலர்த்தவும் முடியவில்லை. ஒரு வாரத்தில் பருப்பின்மேல் பசுமஞ்சள் நிறத்தில் பூஞ்சை படர்ந்தது.

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையில் எழுதக் கடினமான பகுதி. நான் மகனை அழைத்து, "மேலாகத் துடைத்து, நாலு பங்கு நல்ல பருப்புக்கு ஒரு பங்கு இதைக் கலந்து ஆட்டிவிடலாம். யாருக்கும் தெரியாது" என்றேன்.

கடலையில் படரும் அப்பூஞ்சை தரும் நஞ்சுக்கு அஃபிளாடாக்சின் என்று பெயர். 1960-இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோது, அவற்றுக்கு இட்ட கடலைப் பிண்ணாக்கிலிருந்து அந்நஞ்சு கண்டறியப்பட்டது. ஈரலில் புற்றுநோயை உண்டாக்கவல்லது அது. பிண்ணாக்கைத் தின்னும் பசுவின் பாலிலும் இறங்கும். ஆலை எண்ணெயைச் சுத்திகரிக்கையில் அது பெரும்பாலும் நீங்கிவிடும். செக்கு எண்ணெயிலோ தங்கிவிடும். இவற்றையெல்லாம் தொழில் பழகியபோதே மகன் அறிந்து எனக்கும் கூறியிருந்தான். ஆகவே நான் அறியாமல் சொன்னேன் என்று சொல்ல வழியில்லை.

மகன் கோபிக்கவில்லை. "அப்பா, இந்த எண்ணெயில் பொரித்ததை உங்கள் பேத்திக்கு ஊட்டுவீர்களா?" என்று மட்டும் கேட்டான். பிறகு கொட்டகையைப் பூட்டிச் சாவியைக் கொண்டுபோய் அவன் தாயின் கையில் கொடுத்துவிட்டான். மறுநாள் தோட்டத்தில் குழி வெட்டி 22 மூட்டைகளையும் புதைத்தோம். வாங்கிய விலையில் 1,93,600 ரூபாய். எஞ்சிய 9 மூட்டைகளைக் கிலோ 90-க்குக் கொடுத்தோம். 52,800 ரூபாய் நட்டத்துக்கு அஞ்சியவன், இரண்டு இலட்சத்துக்கு மேல் இழந்தேன். என் மனைவியின் முழங்கால் சிகிச்சை ஓராண்டு தள்ளிப்போயிற்று. அவள் அதைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. படியேறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

பணத்தை இழந்தது பெரிதன்று என்று நான் கூறமாட்டேன், அது பெரிதுதான். ஆனால் அதனினும் பெரிது ஒன்றைக் கண்டேன். பொறாமையில் தொடங்கிய ஒரு முதலீடு, வெட்கத்தால் வளர்ந்து, இழப்பின் அச்சத்தில் வந்து முடிகையில், வாழ்நாள் முழுதும் ஒரு ரூபாய்க்குச் சிவப்பு மையிட்டவனை அண்டை வீட்டாருக்கு நஞ்சு விற்கத் துணியவைத்தது. உணர்ச்சியை அடையாளம் காணாதவனுக்கு நேரும் கேடு பணப்பையோடு நிற்பதில்லை.

எங்கள் வீட்டு வழக்கம்

அதன் பிறகு எங்கள் வீட்டில் சில வழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டோம். அவற்றுள் அரிய தத்துவம் எதுவும் இல்லை.

முதலாவது, பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் தொழிலில் போட வேண்டுமாயின், காரணத்தை ஒரு தாளில் எழுதுகிறோம். அதன் கீழே, 'இன்று என் மனத்தில் இருப்பது என்ன?' என்பதையும் எழுதுகிறோம். மகிழ்ச்சி, எரிச்சல், அவசரம், வெட்கம் ஆகியவற்றுள் எதுவாயினும் அதன் சொந்தப் பெயரால் எழுத வேண்டும். பெயர் சொல்லி அழைக்கப்பட்ட உணர்ச்சி, கணக்கின் சட்டையை மாட்டிக்கொள்ள இயலாது.

இரண்டாவது, எழுதிய தாளை முப்பது நாள் பெட்டியில் வைக்கிறோம். முப்பது நாளில் கைநழுவிப்போகும் வாய்ப்பு, பெரும்பாலும் நமக்குரிய வாய்ப்பன்று.

மூன்றாவது, எவ்வளவு நட்டம் வந்தால் நிறுத்துவோம் என்பதைப் பணம் போடுமுன்னரே எழுதி வைக்கிறோம். நட்டம் வந்த பிறகு அவ்வெல்லையைக் குறிக்க நம் கை நடுங்கும்.

நான்காவது, மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வைத்த பணம் தொழிலுக்கு உரியதன்று. அதன் வைப்புச் சீட்டு என் மனைவியிடம் உள்ளது. நான் கேட்டாலும் தரமாட்டாள். தரக்கூடாது என்று நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஐந்தாவது ஒரு கேள்வி. 'இது இன்று என் கையில் இல்லாதிருந்தால், இன்றைய விலைக்கு இதை வாங்குவேனா?' வாங்கமாட்டேன் என்று மனம் சொன்னால், வைத்திருப்பதும் தவறே. செப்டம்பரில் அந்த 55 மூட்டைகளைப் பார்த்து இக்கேள்வியைக் கேட்டிருந்தால், அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

இக்கேள்வியை மூன்றாம் செக்கிடம் கேட்க மட்டும் எனக்கு மேலும் சில ஆண்டுகள் ஆயின. 1,90,000 கொடுத்தது, எப்படியும் ஒரு நாள் பயன்படும் என்று அதைத் துடைத்து எண்ணெயிட்டு வந்தேன். சென்ற மாதம் வேறோர் ஊரிலிருந்து ஓர் இளைஞரும் அவர் தாயாரும் வந்தனர். தொழில் தொடங்குகிறார்களாம், பழைய செக்காயினும் போதுமாம். 85,000 ரூபாய் கொடுப்பதாகக் கூறினர். மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் உள்ளே சென்று மனைவியிடம் கேட்டேன். "கொடுத்துவிடுங்கள்" என்றாள்.

அந்த இளைஞரை நாற்காலியில் அமரச் செய்து, லிட்டருக்குப் பருப்பு எவ்வளவு, பிண்ணாக்கு எவ்வளவு, அவர் ஊரில் நாளுக்கு எத்தனை லிட்டர் விற்கும் என்று ஒரு மணி நேரம் கேட்டேன். ஒரே செக்குத்தான் போடப்போகிறார் என்று உறுதியாகத் தெரிந்த பிறகே பணத்தை வாங்கினேன். வண்டியில் ஏற்றுகையில் அவர் தாயார், "இவ்வளவு நல்ல செக்கை ஏன் ஐயா கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டார். இம்முறை மகன் என் முகத்தைப் பார்க்கும் முன்பே நான் மறுமொழி கூறினேன்: "அம்மா, இதை நான் தேவைக்கு வாங்கவில்லை, பெருமைக்கு வாங்கினேன்."

இப்போது அவ்விடத்தில் கடலைக் காயை, தோலோடு, பலகை மேல் அடுக்கி வைத்திருக்கிறோம். இரண்டு மாதத் தேவைக்கு மட்டும்.